இளங்காரம்

எங்கள் வீட்டில் மாமாவின் நாக்குக்கு இருக்கிற மரியாதை மாமாவுக்குக் கிடையாது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று அவர் கேட்டால் மாமி எரிந்து விழுவார். அதே மனிதர் ஒரு ஸ்பூன் சாஸை வாயில் விட்டுக்கொண்டு கண்ணை மூடினால், கிரைண்டரை நிறுத்திவிட்டு எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நானும் நின்றிருக்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

மாமா என்றால் என் மாமனார், அப்துல் சமத். வீடு மயிலாப்பூரில். தொழில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சந்துக்குள். ஒரு பக்கம் லேத் பட்டறை, எதிரே டீக்கடை, நடுவில் எங்கள் சாஸ் யூனிட். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் சாயங்காலமானால் முளைக்கிற ஃபாஸ்ட்ஃபுட் வண்டிகளில் பாதிக்கு எங்கள் மிளகாய் சாஸ்தான். அந்தச் சாஸ் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். காரம் என்றால் அப்படி ஒரு காரம். முட்டை நூடுல்ஸின் மற்ற குற்றங்களையெல்லாம் அது மறைத்துவிடும்.

சாஸை ருசி பார்ப்பதில் மாமாவுக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் மோந்து பார்க்க வேண்டும். வினிகர் மூக்கைக் குத்தினால் இன்னும் கொதிக்கவில்லை என்று அர்த்தம். பிறகு நாக்கில் இனிப்பு, உப்பு, பூண்டு. கடைசியில் விழுங்க வேண்டும். “துப்பிட்டா நாக்குக்கு மட்டும்தான் தெரியும். காரம் தொண்டைல உக்காரும். முழுங்காதவன் காரத்தைப் பத்திப் பேசக் கூடாது” என்பார். நோன்பு மாதத்திலும் இந்தச் சட்டம் மாறாது. சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று இருக்கிறதே என்று ஒருமுறை வாஜித் சொன்னதற்கு, “அது சால்னாவுக்குச் சரி, சாஸுக்குச் சரியில்ல” என்று முடித்துவிட்டார். அதனால் ரமலானில் எங்கள் யூனிட்டில் ருசி பார்ப்பது நோன்பு திறந்த பிறகுதான்.

வாஜித் என் கணவர். வண்டிக்கடை சாஸிலேயே காலத்தை ஓட்டக் கூடாது என்று அவருக்கு ஒரு ஆசை. அந்த ஆசைக்கு ஒரு வழி காட்டியவர் மர்சலின் டீச்சர். சாந்தோமில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அடையாறில் பெரிய சமையல்கூடம் வைத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர். “சின்னப் பசங்க சாப்பிடுறது வாஜித். மிளகாய் வாசனை வேணும், கண்ணுல தண்ணி வரக் கூடாது” என்று அவர் கேட்க, வாஜித் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சாஸ் செய்தார். நன்றாகவே இருந்தது. டீச்சர் சாம்பிள் பாட்டிலை ருசித்துப் பார்த்துச் சரி என்றார். நான் அதற்கு இளங்காரம் என்று பெயர் வைத்தேன். முதல் ஆர்டர், ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு வெஜ் ரோலும் சாஸும்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்டா நிறையச் சாஸ் தயார். அந்த வாரம் எனக்கு நோன்பு இல்லை. பெண்களுக்கு மாதத்தில் சில நாள் இல்லை. விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இது உலகத்துக்கே தெரிந்த விஷயம். மார்க்கமே கொடுத்த விடுப்பு. ஆனால் எங்கள் வீட்டில் ஆண்கள் முன்னால் அது நடக்காத விஷயம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து எல்லோருடனும் உட்கார வேண்டும், பகலெல்லாம் உதடு காய்ந்த முகத்தோடு திரிய வேண்டும், பசித்தால் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு திருடி மாதிரி பன்னைத் தின்ன வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது மடக் என்று சத்தம் வரக் கூடாது. என் அம்மா வீட்டிலும் இதே கதைதான்.

ஆக, எங்கள் குடும்பத்தில் அன்று பகலில் சாஸை விழுங்கிப் பார்க்க முடிந்தவள் நான் ஒருத்திதான். பன்னோடு ஒரு ஸ்பூன் சாஸை அண்டாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். இனிப்பு முதலில் வந்தது, பிறகு பூண்டு, கடைசியில் தொண்டையில் மெல்லிய சூடு. டீச்சர் ஒத்துக்கொண்ட அதே சுவை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று சாயங்காலம் ஆண்கள் யூனிட்டிலேயே நோன்பு திறந்தார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிக் கறி போட்ட நோன்புக்கஞ்சி, எண்ணெய் சொட்டுகிற வடை, சமோசா. அதற்குப் பிறகு மாமா சாஸை ருசி பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார். “சப்புனு இருக்கு. இதுக்குப் பேரு சாஸா?” என்று இரண்டு கரண்டி குண்டூர் மிளகாய் விழுதை அண்டாவில் போட்டுக் கிளறி, மறுபடி ருசித்து, இப்போதுதான் சரி என்றார். வாஜித்தும் அதே கஞ்சி குடித்த வாயோடு ருசித்து ஆமாம் போட்டார். அப்புறம் பாட்டில்களில் நிரப்பி மூடிவிட்டார்கள்.

எனக்கு இது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. மாமியும் நானும் லேபிள் ஒட்டப் போயிருந்தோம். ஒரு பாட்டிலின் மூடி சரியாக இறுகவில்லை, விரலில் கொஞ்சம் ஒழுகியது. மாமி அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் நக்கினேன். முதலில் ஒன்றுமில்லை. இனிப்பும் பூண்டும் வழக்கம்போல வந்தன. பிறகு அடித்தொண்டையில் ஏதோ பற்றிக்கொண்டது. காது வரைக்கும் ஏறியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் ஓடி, பன்னைத் தின்று, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் கையில் இருந்த பாட்டிலில் நானே ஒட்டிய லேபிள், இளங்காரம் என்று சிரித்துக்கொண்டிருந்தது.

மாமியிடம் சொன்னேன். ஜமீலுன்னிசா மாமி கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர்.

“மாமி, இது காரம். ரொம்பக் காரம். பிள்ளைங்க சாப்பிட முடியாது.”

“மாமா பாத்துட்டாருல்ல?”

“கஞ்சி குடிச்சிட்டுப் பாத்திருக்காரு மாமி. தேங்காய்ப்பாலும் எண்ணெயும் வாய் பூரா ஒட்டிக்கிட்டிருக்கு. எப்படிக் காரம் தெரியும்? நான் நேத்து மத்தியானம்தான் சாப்பிட்டுப் பாத்தேன். அப்ப சரியா இருந்துச்சு.”

மாமி என் வாயைக் கையால் மூடினார். நிஜமாகவே மூடினார். “மெதுவா பேசு. நேத்து மத்தியானம் சாப்பிட்டேன்னு மாமா முன்னால சொல்லுவியா? அந்த மனுசன் முகத்துல அப்புறம் எப்படி முழிப்பே? நான் எப்படி முழிப்பேன்? அதெல்லாம் பேச்சா?”

சரி, என் வாயால் வேண்டாம் என்று நினைத்தேன். பாட்டில் கழுவுகிற பாக்கியம் அக்கா நோன்பு இல்லாதவர்தானே. ஒரு ஸ்பூன் ஊற்றிக் கொடுத்தேன். பழைய சோற்றுக்குப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொள்கிற அந்த அம்மாள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, “சூப்பரா கீது கண்ணு. சாஸுன்னா இப்படித்தான் சுருக்குன்னு இருக்கணும்” என்று இன்னொரு ஸ்பூன் கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்தார்கள். வாஜித்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு என் நோன்புக் கணக்கு தெரியும்.

“சிம்ரா, அத்தா நாக்கு தப்பாது” என்றார்.

“உங்க அத்தா நாக்கைப் பத்தி நான் பேசல. அவர் குடிச்ச கஞ்சியைப் பத்திப் பேசுறேன். நீங்க போய்ச் சொல்லுங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

“பொண்டாட்டி சொன்னான்னு சொல்லுங்க.”

“எப்பச் சாப்பிட்டான்னு கேப்பாரு” என்று அவர் தரையைப் பார்த்தார். மூன்று மாதம் தூக்கம் கெட்டு அந்தச் சாஸைச் செய்த மனிதர், அதைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் சொல்லக் கூச்சப்பட்டார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே இரண்டு பாட்டிலைப் போட்டு உடைத்திருப்பேன்.

குட்டியானை வண்டி வந்து சந்து முனையில் நின்றது. மர்சலின் டீச்சரே கூட வந்திருந்தார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நேராக அடையாறு போய், குட்டிக் கிண்ணங்களில் ஊற்றி, அங்கிருந்து பள்ளிக்கூடம். நோன்பு திறக்கும் நேரத்துக்கெல்லாம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். நோன்பு திறந்து மாமா மறுபடி ருசித்துப் பார்க்கும்வரை காத்திருக்க வழியே இல்லை.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. டீச்சர் முன்னால் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்தேன். “டீச்சர், ஏத்துறதுக்கு முன்னால ஒரு சொட்டு பாத்துடுங்களேன்.”

டீச்சர் சிரித்தார். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தவக்காலம்மா. ஒருசந்தி இருக்கேன். மகன் உடம்புக்காக நேர்ந்துக்கிட்டது, பொழுது சாயற வரைக்கும் தண்ணி மட்டும்தான். பாய் பாத்துட்டாருல்ல, அது போதும்.”

மாமாவின் முகம் மாறியது. “ஏம்மா, நான் பாத்ததை அவங்க திரும்பப் பாக்கணுமா?” என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாதபோதுதான் பயம்.

“இல்ல மாமா, காரம் கொஞ்சம் தூக்கலா இருக்குமோன்னு...”

“யார் சொன்னா?”

நான் மாமியைப் பார்த்தேன். மாமி கண்ணாலேயே கெஞ்சினார். வாஜித் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்.

“நாக்குல லேசா வச்சுப் பாத்தேன் மாமா” என்றேன். பாதி உண்மை.

“நாக்குல வச்சுத் துப்பினியா?” மாமா தலையை ஆட்டினார். “அதான். நுனிநாக்குல எல்லாமே எரியத்தான் செய்யும். நோன்பு வாய் வேற, காஞ்சு கிடக்கும். முழுங்கினாத்தான்மா தெரியும். நீ பயப்படாதே, நான் முழுங்கிப் பாத்துட்டேன்.” அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. டீச்சரும் என்னைப் பார்த்துச் செல்லமாகச் சிரித்தார், வகுப்பில் தப்பான பதில் சொன்ன பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. நான் லேபிள் பசை ஒட்டிய கையோடு நின்றேன். என் நாத்தனாரின் பெண் எல்.கே.ஜி. படிக்கிறாள். சாஸ் என்றால் ரோலைத் தோய்த்து, தோய்த்த இடத்தை மட்டும் சப்பிவிட்டு மறுபடி தோய்ப்பாள். கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்துக்கொள்வாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை மாதிரி எத்தனை பேர். மேக்கப் போட்டு, டான்ஸ் டிரெஸ் போட்டு, பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அவர்கள் ஒரே நேரத்தில் அலறுவது எனக்குக் காதில் கேட்டது. என்னுடைய வெட்கம் பெரிதா அது பெரிதா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொல்லிப் பாருங்கள். தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாமனார் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசிப் பெட்டியை வாஜித் தூக்கினார். டீச்சர், “அப்ப வரேன் பாய்” என்று கைப்பையை எடுத்தார்.

நான் திறந்து வைத்த பாட்டிலை எடுத்து ஸ்பூன் வழிய ஊற்றினேன். எல்லோரும் பார்க்க, வாயில் விட்டுக்கொண்டேன். விழுங்கினேன்.

“யா அல்லாஹ்!” என்றார் மாமி.

மாமா எழுந்துவிட்டார். “சிம்ரா! நோன்பு! இன்னா காரியம் பண்றே நீ?”

“எனக்கு இன்னிக்கு நோன்பு இல்ல மாமா. நேத்தும் இல்ல. நேத்து மத்தியானம் இதை முழுங்கிப் பாத்தேன், சரியா இருந்துச்சு. இன்னிக்குக் காலைல பாத்தேன், சரியா இல்ல.”

மாமி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். வாஜித் பெட்டியைக் கீழே வைக்கவும் தெரியாமல், கொண்டுபோகவும் தெரியாமல் வாசலிலேயே நின்றார். டீச்சர் மட்டும் என் முகத்தையே பார்த்தார். அதற்குள் காரம் வந்துவிட்டது. காலையில் நக்கியது ஒரு துளி. இது ஒரு ஸ்பூன். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒன்றாகக் கொட்டியது. விக்கல் பிடித்தது. நடிப்பென்று யாரும் சொல்ல முடியாத விக்கல்.

மாமா என் பக்கத்தில் வந்தார். அறைந்துவிடுவாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

“எங்க எரியுது?” என்றார்.

“தொண்டைக்குக் கீழ மாமா. காதுல... காதுல வருது.”

“ஏறுதா, இறங்குதா?”

“ஏறிட்டே இருக்கு.”

அவர் பாட்டிலை வாங்கி மோந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். முந்தின நாள் கஞ்சி வந்த தூக்குச்சட்டி கழுவிக் கவிழ்த்த இடத்தை நான் விரலால் காட்டினேன். பேச முடியவில்லை. “கஞ்சி மாமா” என்று மட்டும் விக்கலோடு சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு வருடம் காரத்தோடு பழகிய மனிதர். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“பெட்டிய இறக்கு” என்றார் வாஜித்திடம்.

டீச்சர் தன் பையைத் திரும்ப நாற்காலியில் வைத்தார். “தக்காளி சாஸ் இருக்கா பாய்? இன்னிக்கு அதைக் கொடுங்க. இதைப் பத்தித் திங்கக்கிழமை பேசலாம்.” அவர் குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆர்டர் இருக்கிறதா போய்விட்டதா என்று யாருக்கும் கேட்கத் துணிவில்லை. வாஜித்தும் டிரைவரும் பெட்டிகளை இறக்கி, இருந்த தக்காளி சாஸைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டி போனது.

அதன் பிறகு மாமா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“காலைலயே ஏம்மா சொல்லல?”

மனதாரத்தான் கேட்டார். சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லாத மாதிரி, கதவு திறந்தே கிடந்த மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

“எப்படி மாமா சொல்றது?” என்று கத்தினேன். மாமனாரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. “யாருகிட்டச் சொல்றது? நீங்க வர்ற சத்தம் கேட்டா நாங்க தண்ணி டம்ளரை ஒளிச்சு வைக்கிறோம். பன்னை ஸ்டோர் ரூம்ல நின்னுக்கிட்டுத் திங்கிறோம். இதுல சாஸ் ருசி எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்ட எப்படி வந்து சொல்றது?”

மாமா மாமியைப் பார்த்தார். மாமி முந்தானைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“போதுமா?” என்றார் மாமி. “இப்பத் திருப்தியா உனக்கு?” அவர் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன், எது காரத்துக்கு, எது இதற்கு என்று எனக்கே தெரியவில்லை. விக்கல் நிற்கவே இல்லை. மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. அவ்வளவு கத்திய எனக்கு, எழுந்து போய் எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் பிடித்துக் குடிக்கக் கால் வரவில்லை. பாக்கியம் அக்கா எடுத்துக் கொடுக்க வந்தார். மாமி ஒரு பார்வை பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். மாமா எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். ஜும்ஆவுக்குப் போட்ட வெள்ளைத் தொப்பி தலையில் அப்படியே இருந்தது. டீக்கடைக்காரர் அவரையும் அவர் கேட்டதையும் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டே ஆற்றினார். லேத் பட்டறை ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தில் எல்லோருக்கும் சமத் பாயைத் தெரியும். நோன்பு மாதத்தில் பகலில் அந்தப் பக்கமே போகாதவர் என்பதும் தெரியும்.

கையில் பால் கிளாஸோடு அவர் திரும்பினார்.

“இன்னா பாய், நோன்பு அம்புட்டுதானா?” என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யாருக்கு என்றும் சொல்லவில்லை. பால் தளும்பாமல் இருக்க மெதுவாக நடந்து, அத்தனை பேர் பார்வைக்கும் நடுவே சந்தைக் கடந்து வந்தார். உள்ளே வந்து என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கிளாஸை வைத்தார்.

“தண்ணி வேணாம், எரிச்சல் பரவும்” என்றார். “உக்காந்து குடிம்மா.”

நான் உட்கார்ந்தேன். குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் சத்தம் வந்தது. முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.